மின்கட்டணம் ஏறும் படிக்கட்டு

இரண்டு திங்களுக்கு ஒருமுறை நம் பகுதி இல்லங்களில் ஒரு வழக்கு எழுகிறது. மின்கட்டணச் செய்தி குடும்பத் தலைவரின் கைப்பேசிக்கு வந்த அன்று மாலை, முதலில் குற்றம் சாட்டப்படுவது படிக்கிற பிள்ளையின் அறை விளக்கு. 'விடிய விடிய லைட்டைப் போட்டால் பில் ஏறாமல் என்ன செய்யும்?' என்று தந்தை முழங்குகிறார். அடுத்ததாக, வாரம் இருமுறை இட்லிக்கு அரைக்கும் பாட்டியின் கிரைண்டர் கூண்டில் ஏற்றப்படுகிறது. தலைக்கு மேலே கடகடவென்று சுழலும் பதினைந்து ஆண்டுப் பழைய மின்விசிறியை மட்டும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, திருமழிசை ஆகிய ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை மாதச் சம்பளத்திலோ அன்றாடக் கூலியிலோ வாழ்பவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் திருமழிசைத் தொழிற்பேட்டைக்கும் விடியற்காலையில் பேருந்து ஏறுகிறவர்களின் வீட்டில் ஆயிரம் ரூபாய் என்பது பள்ளிச் சீருடை; மூதாட்டியின் ஒரு மாதத்து மருந்து. ஆகவே மின்கட்டணத்தைக் குறைக்கும் வழிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையின் வழக்கைத் தீர்த்துவிடுவோம். ஆயிரம் வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், அறுபது நாளில் செலவாவது 2.7 யூனிட், மூன்று யூனிட் கூட இல்லை. பாட்டியின் மேசைக் கிரைண்டர் 150 வாட் இழுக்கும். நாற்பது நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். வாரம் இருமுறை வீதம் இரண்டு மாதத்தில் அது இரண்டு யூனிட்டைத் தொடாது. இருவரும் குற்றமற்றவர்கள். பழைய 40 வாட் குழல் விளக்கும் அதன் சோக்கும் இன்னும் கூடத்தில் எரிகிற வீடு உண்டென்றால் அங்கே மட்டும் விளக்கைப் பற்றிப் பேசலாம். அவை இரண்டும் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் தின்னும். அதே வெளிச்சத்தை 20 வாட் எல்.இ.டி. குழல் தரும்.

நிற்க. யூனிட்டுகளைக் குறைப்பது ஒன்று. எந்த யூனிட்டுகளைக் குறைக்கிறோம் என்பது மற்றொன்று. நம் மாநிலத்தில் இல்லங்களுக்கான மின்கட்டணம் படிக்கட்டுப் போல் அமைந்தது. 2016 மே திங்கள் முதல் ஒவ்வொரு வீட்டிற்கும் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. அதற்கு மேல் ஏற ஏற ஒவ்வொரு படியிலும் விலை கூடும். 2022 செப்டம்பரில் விகிதங்கள் பெரிதும் மாற்றப்பட்டன. 2024 ஜூலையில் மீண்டும் உயர்ந்தன. 2025 ஜூலையில் வந்த உயர்வை இல்லங்களின் பொருட்டு அரசே ஏற்றுக்கொண்டது.

2024 ஜூலை விகிதப்படி கணக்கிட்டுப் பார்ப்போம். இரு மாதச் செலவு 500 யூனிட்டுக்குள் அடங்கினால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆக, 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,805 ரூபாய். செலவு 501 ஆகிவிட்டால் என்ன நேரும்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு என்பதோடு நில்லாது. 101 முதல் 200 வரை கிடைத்த 2 ரூபாய் 35 காசுச் சலுகையும் போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு கட்ட வேண்டும். கட்டணம் 2,048 ரூபாய் 40 காசாகிறது. அதாவது, ஐந்நூற்றுக்கு மேல் வந்த அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! பூந்தமல்லிச் சந்தையில் அந்தப் பணத்துக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம்.

அப்பாலும் படிகள் உண்டு. 600க்கு மேல் யூனிட் 9 ரூபாய் 45 காசு. 800க்கு மேல் 10 ரூபாய் 50 காசு. ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய் 55 காசு. இவ்விகிதங்கள் காலந்தோறும் மாறும். எனவே எண்களை மனப்பாடம் செய்ய வேண்டா. கடைசியாகச் செலவாகும் யூனிட்டுகளே விலை மிகுந்தவை என்ற அமைப்பை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். 480 யூனிட்டில் நிற்கும் வீட்டிற்கும் 520 யூனிட்டில் நிற்கும் வீட்டிற்கும் வாழ்க்கை வசதியில் ஒரு வேறுபாடும் இராது. கட்டணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வேறுபாடு உண்டு.

ஆதலால் மின்கட்டணம் குறைய வேண்டுமென்போர் செய்ய வேண்டிய முதல் வேலை, மீட்டரைப் படிக்கக் கற்பது. கணக்கெடுப்பாளர் வந்து போன நாளையும் அன்றைய எண்ணையும் சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பிறகு ஞாயிறுதோறும் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். ஐந்நூற்றுக்குள் நிற்க வேண்டுமானால் நாளொன்றுக்கு எட்டு யூனிட், வாரத்துக்கு 56 யூனிட் என்பது எளிய அளவு. நான்காம் வாரத்திலேயே அளவு மீறுகிறது என்று தெரிந்தால், மீதி நான்கு வாரத்தில் சரிசெய்துகொள்ள முடியும். கட்டணச் செய்தி வந்தபின் விளக்கை அணைப்பதில் யாருக்குப் பயன்? இந்த வேலையை வீட்டிலுள்ள ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது என் கருத்து. கழித்தல் கணக்கும் வரும்; பெரியவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையும் வரும்.

மீட்டரிடமிருந்து இன்னும் ஒரு உண்மையை வரவழைக்கலாம். இக்கால மின்னணு மீட்டர்களில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். மீட்டரின் முகப்பில் 3200 என்றோ 1600 என்றோ வேறு ஓர் எண்ணோ அச்சிடப்பட்டிருக்கும். அத்தனை முறை அப்புள்ளி சிமிட்டினால் ஒரு யூனிட் செலவாயிற்று என்று பொருள். 3200 என்றிருக்கும் மீட்டரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள யாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். நான்கு முறையென்றால் அவ்விசிறி 75 வாட் தின்கிறது. ஒரு சிமிட்டலுக்கு ஏறத்தாழ 19 வாட் என்பது கணக்கு. 1600 என்றிருக்கும் மீட்டரில் ஒரு சிமிட்டலுக்கு அதைப்போல் இரு மடங்கு. குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, நீரேற்றும் மோட்டார் ஒவ்வொன்றையும் இவ்வாறே சோதிக்கலாம். கடைக்காரர் சொல்லும் புகழுரையை விட இந்தச் சிவப்புப் புள்ளி மெய் பேசும்.

எல்லாவற்றையும் அணைத்து, குளிர்பதனப் பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிய பின்னும் புள்ளி விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பருவமழைக்குப் பின் சுவர் ஊறிய வீடுகளில் இது நேர்வதுண்டு. அது பணத்தை மட்டுமன்றி உயிரையும் பறிக்கக் கூடியது. உடனே தேர்ந்த மின்பணியாளரை அழையுங்கள்.

இனி, மின்விசிறிக்கு வருவோம். நடுத்தர வருவாய் வீட்டில் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் இடம் பெரும்பாலும் இதுவே. ஏனெனில் நம் ஊரில் அது ஓயாமல் ஓடுகிறது. 75 வாட் விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால் இரு மாதத்தில் 67.5 யூனிட். மூன்று விசிறிகளுக்கு 202 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறிகள் ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகின்றன. அவை மூன்றும் சேர்ந்து 81 யூனிட்தான் கொள்ளும். மிச்சம் ஏறத்தாழ 120 யூனிட். முன்பு 560 யூனிட் செலவிட்ட வீடு 440க்கு இறங்குகிறது. படிக்கட்டின்படி பார்த்தால் 2,544 ரூபாய் கட்டிய இடத்தில் 1,427 ரூபாய். இரு மாதத்துக்கு 1,117 ரூபாய் கையில் நிற்கிறது. விசிறி ஒன்று மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றுக்குமான செலவு ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். மூன்றையும் ஒரே நாளில் வாங்க இயலாதவர்கள், இரவு முழுதும் ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுக. கூடத்து விசிறி அடுத்த போனசுக்குக் காத்திருக்கட்டும். 2023 சனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. வாங்குமுன் பெட்டியின் மேல் எத்தனை நட்சத்திரம் என்று பாருங்கள்.

பழைய விசிறியையே வைத்துக்கொள்வோருக்கு ஒரு குறிப்பு. பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால், மிச்சமாக வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிக் கழிகிறது. கையை வைத்துப் பாருங்கள், சுடும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் மின்னணு ரெகுலேட்டரில் அந்த விரயம் இல்லை.

வெந்நீர் அடுத்தது. ஒருவர் குளிக்கப் பதினைந்து லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 0.3 யூனிட் வேண்டும். இது இயற்கை விதி. எந்தக் கம்பெனியின் ஹீட்டரும் இதைக் குறைக்க முடியாது. ஐவர் உள்ள வீட்டில் இரு மாதத்தில் 90 யூனிட். மார்கழியில் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் வெந்நீர் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கருப்புத் தொட்டியின் நீர் குழாயைத் திறந்தாலே கொதிக்கும் ஊரில், பழக்கத்தின் காரணமாக மட்டும் ஹீட்டர் சுவிட்சை அழுத்தும் இளைஞர்களை நான் அறிவேன். பிற்பகலில் குளிப்பவருக்கு நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி சூரியனே வெந்நீர் வைத்துக்கொடுக்கிறது.

நீரேற்றும் மோட்டாரைப் பற்றி ஒரு சொல். தொடர் நாடகத்தில் மூழ்கித் தொட்டி வழிந்தோடுவதை அறியாதிருக்கும் வீடுகள் நம் தெருக்களில் குறைவில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு ஊரே லாரித் தண்ணீருக்கு நின்ற 2019ஆம் ஆண்டுக் கோடையை மறந்தவர்தாம் அப்படி நீரை வழியவிட முடியும். வழக்கத்தை விட நெடுநேரம் ஓடினால்தான் தொட்டி நிரம்புகிறது என்றால், அடிவால்வு பழுதாகியிருக்கலாம், பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்பதனப் பெட்டியை இரவில் அணைத்துக் காலையில் போடும் வழக்கம் சில இல்லத்தரசியரிடம் உண்டு. இதில் மிச்சம் சொற்பமே. இரவு ஏறிய வெப்பத்தை இறக்கக் காலையில் அது கூடுதலாக ஓடும். இடையில் மாவு புளிக்கும், பால் திரியும். அதைவிடக் கதவின் ரப்பர்ப் பட்டையைச் சோதியுங்கள். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், தடையின்றி வந்துவிடக் கூடாது. வந்தால் குளிர் அவ்வழியே வெளியேறுகிறது; பட்டையை மாற்ற வேண்டும். பெட்டியின் பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி இருக்கட்டும். பனி விரற்கடை அளவுக்கு ஏறுமுன் உருக்கிவிடுக. சூடான சாம்பாரை ஆறவைத்து உள்ளே வைக்கச் சொல்லி நம் பாட்டிமார் கூறியது மின்கட்டணத்துக்கும் பொருந்தும்.

ஏ.சி. இன்று ஆடம்பரம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தகரக் கூரையின் கீழோ மேல்மாடி அறையிலோ மே மாத இரவைக் கழித்தவர் அதைச் சொல்லார். ஆயினும் அதன் விலையை அறிந்து வாங்க வேண்டும். ஒன்றரை டன், மூன்று நட்சத்திர ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ 0.7 யூனிட் கொள்ளும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரு மாதத்தில் 336 யூனிட். அதுவரை 300 யூனிட்டில் 705 ரூபாய் கட்டிய வீடு, 636 யூனிட்டுக்கு ஏறி 3,220 ரூபாய் கட்டுகிறது. மாதத் தவணையைக் கணக்கிட்டவர்கள் இந்த 2,500 ரூபாயைக் கணக்கிடுவதில்லை. வாங்கியாயிற்று என்றால், 18 பாகையில் வைத்துவிட்டுப் போர்வை போர்த்துவதை முதலில் நிறுத்துக. ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சமாகும் என்று மத்திய அரசின் ஆற்றல் சிக்கன நிறுவனம் கூறுகிறது. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் உடல் குறை சொல்லாது. விடியற்காலை நான்கு மணிக்குத் தானே அணையும்படி அமைத்தால் இரு மாதத்தில் மேலும் எண்பது யூனிட் வரை குறையும்.

சுவரில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று ஒரு சிறு பெட்டியைச் சந்தையிலும் விளம்பரத்திலும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சிறு விளக்கும். நம் வீட்டு மீட்டர் அளப்பது உண்மையாகச் செலவாகும் மின்னாற்றலை. அதை இப்பெட்டி குறைக்க வழியில்லை. அவ்விளக்கு எரிய ஆகும் செலவும் நம்முடையதே.

சொந்த மாடி உள்ளவர்கள் சூரிய ஒளித் தகடுகளைப் பற்றியும் எண்ணலாம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் வகுக்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும்.

ஆனால் சொந்த மாடி இல்லாதவர்களைப் பற்றியே என் கவலை மிகுதி. வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் மேற்சொன்ன யாவற்றையும் செய்தாலும் பயன் முழுதாக அவர்கள் கைக்கு வருவதில்லை. பல இடங்களில் நான்கைந்து குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு; உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணை மீட்டர்; யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் விதிக்கும் விலை.

கணக்கைப் பாருங்கள். நான்கு சிறு குடும்பங்கள். ஒவ்வொன்றும் இரு மாதத்தில் 150 யூனிட் செலவிடும் சிக்கனக் குடும்பம். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கட்டணம் 117 ரூபாய் 50 காசு. நால்வருக்கும் சேர்த்து 470 ரூபாய். ஒரே இணைப்பில் நால்வரும் சேர்ந்தால் அது 600 யூனிட் ஆகிப் படிக்கட்டில் மேலே ஏறிவிடுகிறது. கட்டணம் 2,880 ரூபாய். ஏழைக்கென வகுத்த இலவச 100 யூனிட் நான்கு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒருமுறைதான் கிடைக்கிறது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினால் 4,800 ரூபாய் திரள்கிறது. அதில் 1,920 ரூபாய் மின்வாரியத்துக்குப் போவதில்லை.

வீட்டுக்காரர்களும் இவ்விதழின் வாசகர்களே என்பதை அறிந்துதான் எழுதுகிறேன். அவர்களுள் பலர் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் செலவை எங்கே எழுதுவது என்று கேட்பார்கள். அதை வெளிப்படையாகச் சொல்லிப் பகிர்ந்துகொள்ளலாமே! தனிச் சமையலறையும் தனி வாயிலும் உள்ள குடித்தனங்களுக்குத் தனி இணைப்பு பெறுவது குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2021இல் தொடங்கப்பட்ட 'மின்னகம்' நுகர்வோர் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஒரே குடும்பம் படிக்கட்டைத் தவிர்ப்பதற்காகவே ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வது வேறு, அது முறையன்று. குடி வருகிறவர்களும் முன்பணம் கொடுக்குமுன் வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், மீட்டர் தனியா, யூனிட் என்ன விலை, மோட்டார்ச் செலவு யாருடையது என்பவற்றையும் கேட்டுத் தெளிக.

தனி இணைப்பு வரும்வரையில் நேர்மையான வழி ஒன்று உண்டு. வாரியம் அனுப்பிய கட்டணச் செய்தியை எல்லாக் குடித்தனங்களுக்கும் காட்டி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துக்கொள்வது. மேற்சொன்ன நான்கு குடும்பங்களுக்கும் அது யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. ஒரு குடும்பத்துக்கு 1,200 ரூபாய்க்குப் பதில் 720 ரூபாய்.